துளிர்க்கிற குச்சிக்கெல்லாம் வேர் இருக்காது

கேள்வி:

ஐயா, உடுமலைப்பேட்டை அருகே எங்களுக்கு ஒரு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கலாம் என்று முடிவு செய்து, வி-1 மல்பெரி நாற்றை நாங்களே தயாரிக்க முயன்றோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் புழுவுக்குப் போட்டது போக மீதமிருந்த குச்சிகளை இலவசமாகவே கொடுத்தார். சுமார் 2,000 குச்சிகளை வெட்டி ஆனி மாதக் கடைசியில் பாத்தியில் நட்டோம். பத்து நாளில் எல்லாமே துளிர்த்துவிட்டன. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம். ஒரு மாதத்துக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. உரக்கடையில் கேட்டதற்கு, வேர் ஊக்கி ஹார்மோனை 3,000 பிபிஎம் அளவில் கலந்து நனைத்து நட்டால் ஒன்றுகூடத் தவறாது என்கிறார்கள். உறவினர் ஒருவர் இளநீரும் தேனும் போதும் என்கிறார். எதைச் செய்வது? வீட்டில் நடுவதற்கு நீளக்காய்ப் பழ மல்பெரிக் குச்சியும் கொண்டுவந்தேன். அதுவும் வேர் பிடிக்கவில்லை. பிழைத்திருக்கும் ஐந்நூறு நாற்றையாவது நம்பலாமா?

— ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். வி-1 ரகத்துக்கு வேர் ஊக்கி தேவையில்லை. மைசூருவில் உள்ள மத்திய பட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய இந்த ரகம், இலை மகசூலுக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ அவ்வளவு வேர் பிடிப்பதற்கும் பெயர் பெற்றது. நல்ல குச்சியாக இருந்து பாத்தியும் சரியாக இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு நாற்று எந்த மருந்தும் இல்லாமல் கைக்கு வரும். உங்கள் பாத்தியில் முக்கால்வாசி காய்ந்ததற்கான காரணம் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது: புழுவுக்குப் போட்டது போக மீதமிருந்த குச்சி.

இலவசமாகக் கிடைக்கிறது, கண்ணுக்குப் பச்சையாகவும் இருக்கிறது என்பதால் புதிதாக இத்தொழிலுக்கு வருகிற பலர் அந்தக் குச்சியை எடுத்து நடுகிறார்கள். அது ஏன் கூடாது என்று விளக்கிவிட்டு ஹார்மோனுக்கு வருகிறேன். குச்சி சரியில்லாதபோது எந்த ஹார்மோனாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை, இலையும் இல்லை. மண்ணிலிருந்து உணவு எடுக்கவும் வழியில்லை, வெயிலில் உணவு தயாரிக்கவும் வழியில்லை. தாய்ச்செடியில் இருந்தபோது தண்டில் சேர்ந்த மாவுச்சத்துதான் அதன் கட்டுச்சோறு. நட்ட ஏழு முதல் பத்து நாளில் பருக்கள், அதாவது கணுவில் இருக்கும் துளிர் மொட்டுகள், விழித்துக்கொண்டு துளிர்ப்பது அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான். வேர் அதற்குப் பிறகே வருகிறது. வெளியே எட்டிப்பார்த்து, துளிரைத் தாங்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு வாரம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் புதிய இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கீழே எதுவும் இருக்காது. சேமிப்பு தீர்ந்ததும் துளிர் வாடும், பிறகு குச்சியே காயும். உங்கள் பாத்தியில் நடந்தது இதுவேதான். பத்தாம் நாள் துளிரைப் பார்த்து மகிழாதவர் யாரும் இல்லை. ஆனால் நாற்றங்கால் வெற்றியா தோல்வியா என்பது முப்பதாம் நாளுக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது அந்த மீதக் குச்சியைப் பாருங்கள். புழு வளர்ப்பவர்கள் தண்டோடு அறுவடை செய்வது கவாத்து செய்த 60 முதல் 70 நாளுக்குள். அந்த வயதுத் தண்டில் மாவுச்சத்து போதிய அளவு சேர்ந்திருக்காது. அதன் சக்தியெல்லாம் இலையாகப் போயிருக்கும். அடிப்பகுதி சற்று முற்றியிருக்கும், மேல்பாதி பசுந்தண்டுதான். அடுத்து, அந்தக் குச்சிகள் புழுத் தட்டில் நாட்கணக்கில் கிடந்தவை. ஈரம் போன குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்தால் பட்டை மினுமினுக்கும், ஆனால் உள்ளே பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வேர் பிறக்க வேண்டிய மெல்லிய படலம் ஏற்கெனவே செத்திருக்கும். மூன்றாவது காரணம் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. புழுப்படுக்கையில் பால்நோய் போன்ற நோய்கள் இருந்திருந்தால், அந்தக் கிருமி குச்சியோடும் எச்சத்தோடும் உங்கள் தோட்டத்துக்கு வரும். இன்னும் ஒரு புழுகூட வளர்க்காத மண்ணுக்கு நாமே நோயைக் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. படுக்கைக் கழிவை மக்கவைத்து உரமாக்குங்கள்; அதிலிருந்து நாற்று எடுக்காதீர்கள்.

அப்படியானால் எந்தக் குச்சி? ஆறு முதல் எட்டு மாதம் கவாத்து செய்யாமல் விட்ட, நோய் இல்லாத, நன்றாக நீரும் உரமும் பெற்ற செடியின் தண்டு வேண்டும். தரமான நாற்றுப்பண்ணைகள் இதற்கென்றே சில வரிசைகளை அறுவடை செய்யாமல் விட்டுவைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார். அவரிடம் மீதக் குச்சி கேட்பதற்குப் பதிலாக, வரப்போரம் ஒரு வரிசையை ஆறு மாதம் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். அந்த இலைக்கு ஈடாக ஏதாவது கொடுங்கள். அவ்வளவு காத்திருக்க இயலாவிட்டால், மாவட்டப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் விசாரித்து நல்ல பண்ணையிலிருந்து விதைக்குச்சியாகவோ நாற்றாகவோ வாங்குங்கள்.

வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு தாய்ச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லுங்கள். காலையில் வெட்டி, உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரச்சாக்கில் சுற்றிவையுங்கள். தண்டின் பசுமையான நுனியைக் கழித்துவிடுங்கள். மிகத் தடித்து முற்றிய அடியும் வேண்டாம். பட்டை பழுப்பேறிய, பென்சில் கனத்துக்குக் குறையாத நடுப்பகுதியே நமக்கு வேண்டியது. 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு நல்ல பருக்கள் இருக்குமாறு நறுக்குங்கள். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். மேல் வெட்டு நேராக இருக்கட்டும். இப்படிச் செய்தால் ஆள் யார் நட்டாலும் தலைகீழாக நட மாட்டார்கள். பட்டை கிழியாத கூர்மையான கத்தரி வேண்டும். மழுங்கிய அரிவாளால் கட்டைமேல் வைத்துக் கொத்தினால் அடிப்பட்டை நசுங்கி, வேர் வர வேண்டிய இடத்தில் அழுகல் வரும்.

இனி ஹார்மோன். கடைக்காரர் சொன்ன மருந்து பொய்யானதன்று. உங்கள் சிக்கலுக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான்.

செடியின் இளம் துளிர்களில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி இயற்கையாகவே உண்டாகி, தண்டு வழியாக மேலிருந்து கீழாக மட்டும் இறங்குகிறது. குச்சியை வெட்டி நட்டால், இறங்கும் ஆக்சின் அடிவெட்டில் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கமே அங்கே வேர் பிறக்கத் தூண்டுகிறது. பருவே இல்லாத குச்சியும் தலைகீழாக நட்ட குச்சியும் வேர் பிடிக்கத் தடுமாறுவது இதனால்தான். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வகத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும், இண்டோல் பியூட்டிரிக் அமிலம், நாப்தலீன் அசிட்டிக் அமிலம் ஆகிய இரண்டும் வேர் தூண்டுவதில் சிறந்தவை என்று காட்டினார்கள். கடையில் ஐபிஏ, என்ஏஏ என்ற பெயரில் இன்றும் கிடைப்பவை அவைதாம். தூளாக வாங்கினாலும் திரவமாக வாங்கினாலும், நல்ல வேர் ஊக்கியில் இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டுமோதான்.

மல்பெரியில் வேர் எளிதாகப் பிடிக்கும் ரகங்களுக்கு ஒரு பிறவிப்பேறு உண்டு. தண்டு செடியில் இருக்கும்போதே கணுவை ஒட்டிப் பட்டைக்குள் வேர் முனைகள் உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். ஈரமும் இருளும் கிடைத்ததும் அவை பட்டையைப் பிளந்து வெளியே வரும். வெளியிலிருந்து ஊக்கி கொடுத்தால் வேர் எண்ணிக்கை சற்றுக் கூடலாம், சில நாள் முந்தியும் வரலாம். ஆனால் ஆயிரக்கணக்கான குச்சிகளுக்கு அந்தச் செலவும் வேலையும் தகுமா என்று கேட்டால், தகாது என்றே சொல்வேன்.

எங்கே தகும் என்றும் சொல்கிறேன். இளம்புழுவுக்கு ஏற்ற மென்மையான இலை தரும் எஸ்-36 ரகம், வேர் பிடிப்பதில் வி-1 அளவுக்குத் தாராளமானதன்று. பின்னாளில் இளம்புழு வளர்ப்புக்கென்று அதை நட நினைத்தால் ஐபிஏ கைகொடுக்கும். காஷ்மீரில் வளர்க்கும் கோஷோயராமி, இச்சினோசே போன்ற ஜப்பானிய ரகங்கள் குச்சியில் வேர் பிடிக்க மிகவும் அடம்பிடிப்பவை. அங்கே விதைநாற்றின் மேல் ஒட்டுக்கட்டித்தான் பெருமளவில் பெருக்குகிறார்கள். ஐபிஏ கொண்டு குச்சியிலேயே வேர் வரவைக்கும் முயற்சிகளும் அத்தகைய ரகங்களுக்காகவே நடக்கின்றன. ஹார்மோனின் உண்மையான பயன் இப்படி வேர் பிடிக்கத் தயங்கும் ரகங்களில்தான்.

கடைக்காரர் சொன்ன 3,000 பிபிஎம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது 1 பிபிஎம். ஆக 3,000 பிபிஎம் என்பது லிட்டருக்கு 3 கிராம். இந்த எண்ணை மட்டும் சொன்னால் போதாது, எவ்வளவு நேரம் நனைப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1,000 முதல் 3,000 பிபிஎம் வரையிலான கரைசல் ஐந்து விநாடி முக்கி எடுப்பதற்கானது. இரவு முழுவதும் ஊறவைப்பதற்கு 100 பிபிஎம் அளவே போதும். 3,000 பிபிஎம் கரைசலில் குச்சியை அரைமணி நேரம் போட்டுவைத்தால் அடிப்பகுதி கறுக்கும், பட்டை வீங்கி வெடிக்கும். வேர் வந்தாலும் அது ஊட்டமற்ற தடித்த கட்டியாக நிற்கும். ஊக்கியை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அது செடியைக் கொல்லும். 2,4-டி என்ற களைக்கொல்லி இதே ஆக்சின் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கைப் பொருள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொஞ்சமாகக் கலந்து வேர் வரவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கடினமான ரகத்துக்கு நீங்கள் ஐபிஏ பயன்படுத்தும் நாள் வந்தால், செய்முறை இதுதான். தூய ஐபிஏ தூள் தண்ணீரில் கரையாது. நேரே வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் அது துகளாக மிதக்கும்; குச்சிக்குள் எதுவும் போகாது. ஹார்மோன் போட்டும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இங்கேதான் தவறியிருக்கிறார்கள். 2,000 பிபிஎம் கரைசல் 100 மில்லி வேண்டுமென்றால், 200 மில்லிகிராம் தூளை எடுத்து 50 மில்லி ஆல்கஹாலில் முழுவதும் கரைத்துவிட்டு, அதில் 50 மில்லி நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அருகில் நெருப்பு வேண்டாம். 200 மில்லிகிராமைச் சமையல் தராசில் நிறுக்க முடியாது. நகை நிறுக்கும் சிறு மின்தராசு வேண்டும். இதெல்லாம் சிரமம் என்றால், தண்ணீரிலேயே கரையும் பொட்டாசியம் உப்பு வடிவ ஐபிஏ கிடைக்கிறதா என்று கேளுங்கள். முகப்பூச்சுத் தூள்போல வரும் தயார்த் தூளும் உண்டு, கைத்தவறு குறையும்.

கரைசலைச் சிறு கிண்ணத்தில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி, குச்சியின் அடியை மட்டும் ஐந்து விநாடி முக்குங்கள். சில நிமிடம் நிழலில் காயவிட்டு நடுங்கள். முழுக்குச்சியையும் முக்கக் கூடாது, பருக்களில் ஆக்சின் பட்டால் அவை விழிக்காமல் அடங்கிக் கிடக்கும். தூளாக இருந்தால் அடியை ஈரமாக்கித் தோய்த்து, அதிகமானதைத் தட்டிவிட்டு, முன்பே கம்பியால் துளை போட்டு அதில் இறக்குங்கள். குச்சியையே மண்ணில் குத்தி நட்டால் தூள் மேலேயே வழிக்கப்பட்டு நின்றுவிடும். கிண்ணத்தில் மிஞ்சியதைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். செடிப்பாலும் பூஞ்சையும் கலந்து முழுப் புட்டியும் கெடும். மீதிக் கரைசலை ஒளி படாத புட்டியில், குளிர்ச்சியான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

பூவும் பிஞ்சும் உதிராமல் இருக்கத் தெளிக்கும் என்ஏஏ 4.5 சதவீதக் கரைசல் எல்லா உரக்கடையிலும் கிடைப்பதால், அதையே வேர் ஊக்கியாகச் சிலர் கொடுப்பதுண்டு. அது 45,000 பிபிஎம். அதாவது 500 பிபிஎம் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 11 மில்லி. புட்டியிலிருந்து நேரே முக்கினால் குச்சி கருகிவிடும். என்ஏஏ, ஐபிஏவைவிடச் செடிக்குக் கடுமையானது; அளவு தவறினால் மன்னிக்காது. எனக்கு ஐபிஏவின் மீதுதான் நம்பிக்கை.

உறவினர் சொன்ன இளநீருக்கு வருவோம். இளநீரில் செடி வளர்ச்சிப் பொருட்கள் இருப்பது உண்மை. திசு வளர்ப்பு ஆய்வகங்களில் அதை 1940-களிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் பெயர் பெற்றது சைட்டோகைனின் என்ற வகை. அது துளிரைத் தூண்டும். ஆக்சினைவிட மிஞ்சினால் வேர் உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே துளிர் முந்திக்கொண்டு வேர் பிந்தியதால்தான் உங்கள் குச்சிகள் காய்ந்தன. மேலும் துளிரைத் தூண்டுவதில் என்ன பயன்? இளநீரிலும் தேனிலும் உள்ள சர்க்கரை, மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு அடிவெட்டில் விருந்து வைப்பதாகவும் ஆகும். உடுமலை இளநீரை நீங்கள் குடித்துவிடுங்கள், குச்சிக்கு வேண்டாம்.

ஏதாவது ஒன்றில் நனைத்து நட்டால்தான் மனம் ஆறும் என்றால், அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைப் பரிந்துரைக்கிறேன். 40 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கலந்து, குச்சிகளின் அடியை அரைமணி நேரம் அதில் நிறுத்திவிட்டு நடுங்கள். காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்ப்பதோடு, இந்த நுண்ணுயிர் ஆக்சினையும் தானே சுரக்கிறது. வேர் வந்தபின் அதன் கிளைகள் பெருகுவதற்கு அது உதவும். விலையும் குறைவு, அளவு மீறினாலும் கேடில்லை. குச்சி அழுகல் உள்ள மண்ணாக இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் முதலில் நனைப்பார்கள். ஆனால் டிரைக்கோடெர்மா இட்ட பாத்தியில் கார்பெண்டாசிம் வேண்டாம், அந்த நல்ல பூஞ்சையையும் அது கொன்றுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிய பாத்திக்கு டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரமே என் தேர்வு. பூஞ்சைக்கொல்லியும் ஹார்மோனும் இரண்டும் தேவைப்படும் ரகமானால் பூஞ்சைக்கொல்லி முதலில், ஈரம் வடிந்தபின் ஹார்மோன். வரிசை மாறினால் ஹார்மோன் கழுவிக்கொண்டு போய்விடும்.

பாத்தியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் ஆனிக் கடைசியில் நட்டோம் என்ற ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. அந்தக் காற்று வேரில்லாத துளிரின் ஈரத்தை மணிக்கணக்கில் உறிஞ்சிவிடும். நல்ல குச்சியாக இருந்திருந்தாலும் திறந்த பாத்தியில் அந்த மாதங்களில் சேதம் இருந்திருக்கும். அடுத்த முறை காற்று அடங்கிய பிறகு, ஆவணி கடந்து நடுங்கள். அல்லது மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, மேலேயும் கீற்றுப் பந்தல் போடுங்கள். முதல் மாதம் நிழல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். இணைவரிசை முறையில், வரிசைகளுக்கு மாறி மாறி 3 அடியும் 5 அடியும், செடிக்குச் செடி 2 அடியும் விட்டால் ஏக்கருக்கு 5,445 செடி. சேதத்துக்கும், தோட்டத்தில் செடி செத்த இடங்களை நிரப்பவும் சேர்த்து 7,500 குச்சி நடுங்கள். வரிசைக்கு 20, குச்சிக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 50 குச்சி. பாத்தி மட்டும் 150 சதுர மீட்டர், நடைபாதையோடு ஐந்தாறு சென்ட். செம்மண் கலந்த, நீர் தேங்காத இடமாகப் பாருங்கள். கரிசலாக இருந்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம், மணலும் தொழு உரமும் சேர்த்துக் கிளறுங்கள். கரையான் தொல்லை இருந்தால் வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். பட்டுப்புழு வளர்க்கப் போகும் இடத்தில் கடுமையான பூச்சிக்கொல்லி எதையும் மண்ணில் ஊற்றாதீர்கள்.

குச்சியைச் சற்றுச் சாய்வாக, ஒரே ஒரு பரு மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாக நடுங்கள். பெரும்பாலோர் பாதிக் குச்சியை வெளியே விடுகிறார்கள். வெளியே நீளும் ஒவ்வொரு அங்குலமும் காயும் பரப்பு. மூன்று பருவும் துளிர்த்தால் சேமிப்பு மூன்று பங்காகப் பிரியும். சுற்றி மண்ணைக் காலால் நன்றாக அழுத்துங்கள், அடியில் காற்றிடைவெளி இருந்தால் வேர் வராது. மேலே வைக்கோலோ தென்னைநார்க் கழிவோ பரப்புங்கள். ஈரம் குறையாமலும் சேறாகாமலும் இருக்க, முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் போதும். வெயில் கடுமையானால் பூவாளியால் மாலையில் ஒரு தெளிப்பு. வேர் வருவதற்கு முன் யூரியா போடாதீர்கள். முதல் களையெடுப்போடு, இரண்டு மாதம் ஆகும்போது சிறிதளவு போட்டால் போதும். வேர் வந்ததா என்று பார்க்க ஆசைப்பட்டுக் குச்சியைப் பிடுங்காதீர்கள். புதுவேர் நூல்போல அறுந்துவிடும். ஓரத்துக் குச்சி ஒன்றிரண்டை மட்டும் கரண்டியால் மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள்.

ஹார்மோன் மேல் உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால், அதைச் சோதித்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரே செடியின் ஒரே வயதுக் குச்சிகளில் 50-ஐ 1,000 பிபிஎம் ஐபிஏவில் ஐந்து விநாடி முக்கியும், 50-ஐ அப்படியேயும் ஒரே பாத்தியில் அடுத்தடுத்து நடுங்கள். இரண்டு மாதம் கழித்து உயிரோடு இருப்பதை எண்ணிப் பாருங்கள். வி-1-க்கு அந்தப் புட்டி தேவையா என்பதற்கு உங்கள் மண்ணே பதில் சொல்லிவிடும்.

நீளக்காய்ப் பழ மல்பெரியின் கதை வேறு. பட்டுக்கு நடும் ரகங்களைப்போல அது குச்சியில் எளிதாக வேர் பிடிக்காது. இதற்கு வேண்டுமானால் ஐபிஏ பயன்படுத்துங்கள்: நன்கு முற்றாத, ஆனால் பச்சை மாறிய கிளையை எடுத்து, 2,000 முதல் 3,000 பிபிஎம்மில் ஐந்து விநாடி முக்கி, தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த பையில் நட்டு, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஆனால் ஒன்றிரண்டு செடிக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. குச்சி எடுத்த மரத்திலேயே விண்பதியம் போட்டுவிடுங்கள். விரல் கனக் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பான படலத்தைத் துடைத்துவிட்டு, வளையத்தின் மேல் விளிம்பில் ஐபிஏ தூளைத் தடவி, ஈரத் தென்னைநார்க் கழிவை வைத்துப் பிளாஸ்டிக்கால் இறுகக் கட்டுங்கள். கிளைக்குத் தாய்மரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும், இலை தயாரிக்கும் உணவும் ஆக்சினும் வளையத்தில் தேங்கி நிற்கும். உள்ளே வேர் வெள்ளையாகத் தெரிந்ததும் கீழே வெட்டிப் பையில் மாற்றுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது: வேர் பிடித்த வி-1 நாற்றின்மேல் பழ மல்பெரியை ஒட்டுக்கட்டலாம்.

பிழைத்த ஐந்நூறு பற்றிக் கேட்டீர்கள். கடுமையான சோதனையைத் தாண்டி வந்தவை, அவற்றை வீணாக்க வேண்டாம். ஆனால் இப்போதே நடவுக்கு எடுக்காதீர்கள். மூன்று முதல் நான்கு மாதம் நாற்றங்காலிலேயே நிற்கட்டும். பிடுங்கும் நாளுக்கு முன்தினம் நன்றாகத் தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் வேர் அறாமல் பெயர்த்தெடுங்கள். ஒவ்வொரு நாற்றின் வேரையும் கழுவிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த நாற்றைத் தயங்காமல் எரித்துவிடுங்கள், தோட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரு முறை நூற்புழு ஏக்கர் முழுவதும் பரவினால் அதை விரட்டுவது மிகப் பெரும்பாடு. அடி கறுத்து ஒரு பக்கம் மட்டும் வேர் உள்ளவற்றையும் கழித்துவிடுங்கள். நாற்றங்கால் இருந்த அந்தப் பாத்தியில் அடுத்த தொகுதிக் குச்சியை உடனே நடாமல், ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுவிட்டு நடுங்கள். நூற்புழுவைக் குறைக்க அது உதவும்.